காவலர் வருமுன் கழியும் நிமிடங்கள்

பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு தாய் கடிகாரத்தைப் பார்ப்பது பேருந்து போய்விடக் கூடாதே என்பதற்காகத்தான். 2025 மார்ச் 10 அன்று, நம் தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தேர்வெழுதுவதற்காகப் பேருந்தில் புறப்பட்டார். வழியில் பேருந்தை மறித்த மூவர் அவரை அரிவாளால் வெட்டினர். கைவிரல்கள் துண்டாயின. தேர்வு மண்டபத்தில் இருக்க வேண்டிய பிள்ளை, திருநெல்வேலி அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைக் கூடத்தில் கிடந்தார். பிடிபட்ட மூவரும் சிறார்களே என்று செய்தி வந்தபோது நம்மில் பலர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டோம். அதற்கு மேல் படிக்க மனம் ஒப்பவில்லை.

ஐந்து வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் பாய்ந்த ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சில் தொடர்பாக முன்பு ஏற்பட்ட சச்சரவே காரணம் என்று சொல்லப்பட்டது. வெட்டிய சிறுவன் தானாகவே காவல் நிலையத்திற்குச் சென்று சரணடைந்தான். காவலர் பள்ளிக்கு எத்தனை நிமிடத்தில் வந்தனர் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமற் போயிற்று. அவர்களுக்குச் செய்தி எட்டுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இடையில் நின்றவர் அந்த ஆசிரியை ஒருவரே.

அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் ஒரு கணக்கு என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆபத்து நுழைந்த நொடிக்கும் காவலர் நுழையும் நொடிக்கும் இடைப்பட்ட நேரம் எவ்வளவு? அந்த நேரத்திற்குப் பொறுப்பாளி யார்?

நம் நாட்டில் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு அரிது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை எளிதில் கைக்கு எட்டவிடுவதில்லை. எட்டிய இடத்தில் என்ன நேரும் என்பதையும் கண்டிருக்கிறோம். 2007 டிசம்பரில் டில்லியை அடுத்த குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர், வீட்டில் தந்தை வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சென்று உடன்படித்த மாணவனைச் சுட்டுக் கொன்றனர். நம் தென் மாவட்டங்களிலோ பையில் மறைத்து எடுத்துச் செல்லப்படுவது அரிவாள். ஆயுதம் வேறானாலும் நிமிடக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தக் கணக்கை உலகுக்கே கற்றுத்தந்த நாடு அமெரிக்கா. தன் பிள்ளைகளை இழந்து இழந்து கற்றுக்கொண்ட பாடம் அது.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் சுடத் தொடங்கினர். காவலர் சில நிமிடங்களிலேயே வந்து சேர்ந்தனர். ஆனால் அக்காலத்து நடைமுறை, கட்டடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு சிறப்புப் படைக்காகக் காத்திருப்பது. பிணைக் கைதிகளைப் பிடித்து வைத்துப் பேரம் பேசுவோரை எதிர்கொள்ள வகுக்கப்பட்ட முறை அது. கொலம்பைனில் பேரம் பேசுவார் எவருமில்லை. சுட்ட இருவரும் ஒரு மணி நேரத்திற்குள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மடிந்தனர். அது தெரியாமல் படையினர் அறை அறையாக மெல்ல நகர்ந்தனர். மாணவர்களை எச்சரித்து ஓடச் செய்த டேவ் சாண்டர்ஸ் என்ற ஆசிரியர் குண்டடிபட்டு ஓர் அறையில் கிடந்தார். மாணவர்கள் தம் சட்டைகளைக் கழற்றி அவருடைய காயத்தில் அழுத்திப் பிடித்தனர். ஒருவர் இரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிச் சன்னலில் வைத்தனர். வெளியிலிருந்தோர் கண்ணில் அது பட்டது. ஆனாலும் படையினர் அவரை அடைய மூன்று மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவர் பிழைக்கவில்லை. மாணவர் பன்னிருவரும் அவருமாகப் பதின்மூன்று உயிர்கள் அன்று பறிபோயின.

அதன் பிறகு அந்நாட்டுக் காவல்துறை விதியை மாற்றியது. முதலில் வரும் காவலர், ஒருவரோ இருவரோ, காத்திராமல் உள்ளே செல்ல வேண்டும். காயமுற்றோரைக்கூடத் தாண்டிச் சென்று சுடுகிறவனை முதலில் நிறுத்த வேண்டும்.

விதி மாறியும் கணக்கு கசப்பாகவே இருக்கிறது. 2000 முதல் 2013 வரை அந்நாட்டில் நடந்த 160 துப்பாக்கிச் சூட்டு நிகழ்ச்சிகளை மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. பள்ளி, அலுவலகம், கடைத்தெரு எல்லாம் அதில் அடக்கம். எவ்வளவு நேரம் நீடித்தது என்று உறுதியாகத் தெரிந்தவை 63. அவற்றுள் 44 நிகழ்ச்சிகள் ஐந்து நிமிடத்திற்குள் முடிந்திருந்தன. 23 நிகழ்ச்சிகள் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்தவை. 160-இல் பாதிக்கு மேற்பட்டவை காவலர் வருமுன்பே முடிந்துவிட்டன. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 பச்சிளம் பிள்ளைகளும் ஆசிரியர் முதலான 6 பேரும் கொல்லப்பட்டார்கள். காவலருக்கு முதல் அழைப்பு சென்றதிலிருந்து கடைசிக் குண்டு வெடித்தது வரை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிறகு முளைத்த காவலராலும் அங்கே என்ன செய்திருக்க முடியும்? அன்று தப்பிய பிள்ளைகளிற் பலர், ஆசிரியைகள் கழிப்பறையிலும் அலமாரி அறையிலும் ஒளித்து வைத்ததால் தப்பியவர்கள்.

இதனைச் சொல்வதால் காவல்துறைக்குக் குற்றமில்லை என்று எழுதிக் கொடுப்பதாக எவரும் கருத வேண்டாம். நேரத்தில் வந்தும் வராதவர் போல் நின்றவர் கதை ஒன்றுண்டு.

2022 மே 24. டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி என்ற சிற்றூர். பதினெட்டு வயது நிரம்பியதும் கடையில் சட்டப்படியே துப்பாக்கி வாங்கிய இளைஞன் ஒருவன் ராப் தொடக்கப் பள்ளிக்குள் முற்பகல் 11.33-க்கு நுழைந்தான். மூன்று நிமிடங்களில் காவலர் உள்ளே வந்துவிட்டனர். வேகத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. வகுப்பறையை நெருங்கினர், உள்ளிருந்து குண்டு பாய்ந்தது, பின்வாங்கினர். பிறகு நின்றவர் நின்றவர்தாம். படை படையாக ஆள் சேர்ந்து, பள்ளிக்கு வந்த காவலர் தொகை மொத்தம் 376 ஆயிற்று. உள்ளே இருந்தவன் ஒருவன். வகுப்பறையிலிருந்து ஒரு சிறுமி தொலைபேசியில் மெல்லிய குரலில் காவலரை அனுப்பும்படி மன்றாடினாள். காவலர் அவள் அறைக்கு வெளியே நடைவழியில்தான் நின்றிருந்தனர். வெளியே பெற்றோர் கதறினர். உள்ளே பாய முயன்றவர்களைக் காவலர் தடுத்தனர். ஒரு தாய்க்குக் கைவிலங்கு மாட்டப்பட்டது. அவன் பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து காவலர் அறைக்குள் புகுந்து அவனைச் சுட்டு வீழ்த்தியது வரை 77 நிமிடங்கள். பிள்ளைகள் 19 பேர், ஆசிரியைகள் இருவர் மாண்டனர்.

ஏன் நின்றனர்? பின்னர் டெக்சாஸ் சட்டமன்றக் குழு ஆராய்ந்து எழுதிய காரணங்கள் நம் ஊர்க் காரணங்களைப் போலவே இருக்கின்றன. யார் தலைவர் என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. சுட்டவன் அறைக்குள் முடங்கிவிட்டான், இனி அவசரமில்லை என்று எண்ணிவிட்டார்கள். உள்ளே பிள்ளை பேசுகிறாள் என்ற செய்தி முடிவெடுக்க வேண்டியவரின் காதுக்குப் போகவில்லை. அறைக் கதவின் சாவியைத் தேடி நெடுநேரம் அலைந்தார்கள். அந்தக் கதவு பூட்டப்பட்டே இருந்திராது என்பது அக்குழுவின் முடிவு. அதன் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரியும். பழுது பார்க்கச் சொல்லி எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 77 நிமிடத்தில் கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்தவரும் இல்லை. இத்தனைக்கும் அப்பள்ளிகளின் காவல் பிரிவு இத்தகைய தாக்குதலுக்கான பயிற்சியை இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நடத்தியிருந்தது.

மறு ஆண்டு மார்ச்சில் நாஷ்வில் நகரப் பள்ளி ஒன்றில் சூடு நடந்தபோது, வந்த காவலர் வாசலில் நிற்கவில்லை. முதல் அழைப்பிலிருந்து ஏறத்தாழ 14 நிமிடத்தில் அது முடிவுக்கு வந்தது. அங்கும் ஆறு உயிர்கள் போயின, மூவர் பிள்ளைகள்.

நம் சமுதாயத்திற்கு நெருக்கமான இரண்டு துயரங்களையும் இங்கு நினைவுகூர வேண்டும். 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் இராணுவப் பொதுப் பள்ளியில் 130-க்கு மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கு, அந்த நாளை எண்ணும்போது கூனிக் குறுகும் உணர்வு இன்றும் ஏற்படுகிறது. பள்ளியின் தலைமையாசிரியை தாஹிரா காஸி, தப்ப வழியிருந்தும் பிள்ளைகளை விட்டுப் போக மறுத்து உயிர் துறந்தார். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோர் மீது சூடு நடந்தது. முதல் அழைப்பு வந்து இருபது நிமிடத்திற்குள் காவலர் கொலையாளியைப் பிடித்துவிட்டனர். அது பாராட்டத்தக்க வேகமே. ஆயினும் அதற்குள் இரண்டு பள்ளிவாசல்களிலும் தாக்குதல் முடிந்திருந்தது. மாண்டவர் தொகை 51. லின்வுட் பள்ளிவாசலில் அவனை விரட்டியவர் தொழவந்த ஒருவர். அவர் கையில் ஆயுதமில்லை. கிடைத்த பொருளை எடுத்து எறிந்துகொண்டே துரத்தினார்.

இந்த இடத்தில் நம் கரையின் பழைய தொழில் ஒன்று நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் அரசு முத்துக்குளிப்பு நடத்திய காலத்தில் கரையில் கூடாரங்களே ஒரு நகரமாக எழும். அலுவலர் இருப்பர், காவலர் இருப்பர், மருத்துவர் இருப்பர். 1961-உடன் தூத்துக்குடியில் அது நின்றுபோயிற்று. கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்கும் குளியாளி மூச்சடக்கி நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்திற்கு அவன் உயிர் கரையில் இருந்த காவலர் கையிலோ மருத்துவர் கையிலோ இல்லை. தோணியில் அவனுடைய கயிற்றைப் பிடித்து நின்றவன் கையில் இருந்தது. பெண்ணெடுத்த வீட்டு மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பர் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்கச் சம்மதியான் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். கரைக்காவல் வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் கயிறு பிடிப்பவனைக் குறித்துக்கொண்ட பிறகே குளியாளி கல்லில் கால் வைத்தான்.

நம் பள்ளிகளில் கயிறு எவர் கையில் இருக்கிறது? நாங்குநேரியைப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவர் வீட்டிற்குள் புகுந்து அரிவாளால் வெட்டினர். வெட்டியவர்கள் அவர் படித்த பள்ளியின் மாணவர்கள். குறுக்கே விழுந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். சாதி வெறுப்பே காரணம். அன்று இரவு காவலர் எத்தனை நிமிடத்தில் வந்திருந்தாலும் பிந்தியே வந்திருப்பர். ஏனெனில் அந்தத் தாக்குதல் இரவு தொடங்கியதன்று. மாணவர் பல நாட்களாகத் துன்புறுத்தப்பட்டார். அதனால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோது காரணத்தைச் சொன்னார். சொன்னது துன்புறுத்தியவர்களுக்குத் தெரிந்தது. அன்றிரவே அரிவாள் வந்தது. புகார் கொடுத்த பிள்ளைக்கு அன்று மாலை எவர் துணை இருந்தார் என்ற கேள்விதான் என்னை உறங்கவிடாத கேள்வி. அண்ணனும் தங்கையும் அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார்கள். அம்மாணவர் மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 469 மதிப்பெண் பெற்றார் என்பதையும் இங்கு குறித்துவிட வேண்டும்.

அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை தந்தது. கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது, மாணவர் மிகுந்த பள்ளிகளில் மாணவர் நலனுக்கென ஓர் அலுவலரை அமர்த்துவது முதலிய பல பரிந்துரைகள் அதிலுண்டு. வண்ணக் கயிற்றைப் பற்றியே பத்திரிகைகள் வாதாடின. நல அலுவலரைப் பற்றிப் பேசியவர் குறைவு. எனக்கோ அதுவே முதன்மையாகப் படுகிறது. அழுகிற பிள்ளை போய்ச் சொல்லவும், சொன்ன பிள்ளையை அன்று மாலையே பாதுகாக்கவும் ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொரு நேரமும் இருக்கிறது. எந்த ஆய்விலும் அது கணக்கில் வருவதில்லை. 100-ஐ அழைக்கலாமா வேண்டாமா என்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தயங்கும் நேரம். இந்த மாவட்டத்து மக்களுக்கு அந்தத் தயக்கம் ஏன் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றவர்கள் மீது காவலர் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்த பதினேழு வயதுப் பிள்ளை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டார்கள். எங்கள் தெருவில் ஓர் உம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "பிள்ளைக சண்டையைச் சொல்லப் போய், நம்ம பிள்ளை மேலேயே கேஸ் போட்டுட்டா என்ன செய்றது ஹஜரத்?" அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மக்கள் நம்பாத காவல் நிலையத்துக்கு அழைப்பு பிந்தியே போகும் என்பதைக் காவல்துறை உணர்தல் நலம். அதே வேளையில் ஒரு பிள்ளையின் உடலில் இரத்தம் வடியும்போது நாம் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இயலாது. 112 என்ற பொது எண்ணிலும் காவலரை அழைக்கலாம். ஆம்புலன்சுக்கு 108. துன்புறுத்தல் தொடரும் நிலையில், அரிவாள் வருமுன்பே சொல்வதற்குக் குழந்தைகளுக்கான 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகியவை உண்டு.

பாளையங்கோட்டைச் செய்தி வந்த வாரம், எங்கள் மதரஸாவிலும் இதைப் பேசக் கூடினோம். மாலையில் அறுபது பிள்ளைகள் ஓத வருகிறார்கள். முதவல்லி, ஜமாஅத்தார் மூவர், உஸ்தாதுகள் நால்வர். "இங்கே ஒன்று நடந்தால் யாரை அழைப்பது?" என்று முதவல்லி கேட்டார். பதிவேட்டின் முதற்பக்கத்தில் காவல் நிலையத்தின் எண் எழுதப்பட்டிருந்தது. அழைத்துப் பார்த்தோம், அப்படி ஓர் எண்ணே இன்று இல்லை. எந்தக் காலத்தில் எவர் எழுதியதோ! ஓதும் நேரத்தில் பெரிய கேட்டைப் பூட்டி வைப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் சாலைக்கு ஓடிவிடக் கூடாதே என்று. சாவி மோதினாரின் இடுப்பில் இருக்கும். அஸர் முடிந்ததும் மோதினார் வீட்டுக்குப் போய்விட்டு மஃரிபுக்குத்தான் திரும்புவார். இதை இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யுவால்டியின் சாவிக் கதையைப் படித்துவிட்டு அவர்களைக் குறை கூறியவன் நான். அன்று தலை நிமிர முடியவில்லை.

கேட்டைத் திறந்தே போட்டுவிடலாம் என்றார் ஒருவர். அது முடியாது என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் மாண்டதற்குக் கீற்றுக் கூரை ஒரு காரணம். தப்பி இறங்க ஒடுக்கமான ஒரே படிக்கட்டு இருந்தது மற்றொன்று. தீக்குக் கதவு திறக்க வேண்டும், கத்திக்குக் கதவு பூட்ட வேண்டும். ஆகவே திறக்கவும் பூட்டவும் தெரிந்த பெரியவர் ஒருவர் சாவியோடு எப்போதும் உள்ளே இருந்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அப்போது சொன்னார்: "2023 டிசம்பர் மழையில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ரோடு இல்ல, போன் இல்ல. அன்னைக்கு முதல்ல நம்ம வீட்டுக்கு வந்தது யாரு? அடுத்த வீட்டுக்காரன்தானே." அதனால் மதரஸாவைச் சுற்றியுள்ள பன்னிரண்டு வீடுகளின் எண்களையும் வாங்கி எழுதினோம். அவற்றில் நான்கு பிற சமயத்தார் வீடுகள். கேட்டவுடன் கொடுத்தார்கள்.

மறு வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் நண்பரின் மோட்டார் சைக்கிளில் மதரஸா வாசலிலிருந்து காவல் நிலையம் வரை சென்று பார்த்தேன். போகும்போது 9 நிமிடம். திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. 17 நிமிடம் ஆயிற்று. அங்கிருந்த உதவி ஆய்வாளர் நான் வந்த காரணத்தைக் கேட்டு முதலில் வியந்தார். பின்பு தம் கைப்பேசி எண்ணைத் தாமே எழுதிக் கொடுத்தார். ஒருநாள் மாலை வந்து பிள்ளைகளிடம் பேசவும் செய்தார்.

அந்த 9 நிமிடமோ 17 நிமிடமோ என்ன செய்வது என்பதை ஊர் மருத்துவர் ஒருவர் வந்து எங்களுக்குக் காட்டிக் கொடுத்தார். தாய்மார்களும் இதனைக் கவனத்தில் கொள்ளலாம். ஆழமான வெட்டில் இரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போகக்கூடும். சுத்தமான துணியை, துப்பட்டியானாலும் துண்டானாலும், காயத்தின் மேல் வைத்து முழு வலுவோடு அழுத்த வேண்டும். நனைந்துவிட்டதென்று எடுத்துப் பார்க்கக் கூடாது. அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். கத்தியோ கம்பியோ உடலில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக் கூடாது. விரைவில் மருத்துவமனை சேர்ந்தால் பொருத்த வாய்ப்புண்டு.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசினால் அஞ்சுவார்களே என்று நாங்கள் தயங்கினோம். துணியை அழுத்திப் பிடிக்கும் பயிற்சிக்கு முன்வரிசையில் வந்து அமர்ந்தவள் எட்டு வயதுச் சிறுமி. "நான் அழுத்துறேன் ஹஜரத், நீங்க போன் பண்ணுங்க" என்றாள்.

கேட்டின் சாவிக்கு இரண்டு நகல் செய்தோம். கடைத்தெருவில் எண்பது ரூபாய் ஆயிற்று. ஒன்று ஓதும் கூடத்தில் உஸ்தாதின் மேசைக்குள், ஒன்று எதிர்வீட்டில். மோதினாரிடம் உள்ளது மோதினாரிடமே இருக்கிறது.